ஊதாக் கவுன்

ஐந்தருவிக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்கிறவர்களில் பெண் என்று சொன்னால் எங்கள் யோகலட்சுமி மதினி ஒருத்திதான். என் பெரியப்பா மகன் குற்றாலிங்கம் அண்ணனின் மனைவி. அண்ணன் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் தேங்காய் லோடு அடிக்கிற வண்டியில் டிரைவர். இலத்தூரில் அவர்கள் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவர். சாரல் சீசன் தொடங்கிவிட்டால் மதினி காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுவாள். கழுத்தில் காமிரா, இடுப்பில் பாலிதீன் பைக்குள் சுற்றிய போன், தலையில் முக்காடு மாதிரி ஒரு துண்டு.

எல்லார் கையிலும் போன் இருக்கும்போது அருவியில் எவன் காசு கொடுத்துப் போட்டோ எடுப்பான் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அங்கே போய் நின்று பார்த்தால் கேட்கமாட்டார்கள். குளிக்கப் போகிறவன் போனை எங்கே வைப்பான்? வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வருவான். குளித்து முடித்து, குளிரில் பல் தந்தியடிக்க, குடும்பத்தோடு அருவியைப் பார்த்து நிற்கும்போதுதான் ஒரு படம் இருந்தால் நல்லது என்று தோன்றும். மதினியின் காமிரா தண்ணீர் புகாதது. அதைவிடப் பெரிய விஷயம், எடுப்பது ஒரு பெண். ஈரச் சேலையோடு நிற்கிற அக்காமார்கள் ஆம்பளை காமிராக்காரனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மதினி, "ஏக்கா, முந்தானைய நல்லா இழுத்து மூடிக்கிடுங்க, காத்து ஒரு வழி பண்ணுது" என்று சொல்லிவிட்டுத்தான் காமிராவையே தூக்குவாள். எடுத்த படத்தைக் கார்டிலிருந்து தன் போனுக்கு மாற்றி, அங்கேயே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவாள்.

அந்தக் காமிரா தென்காசி கூலக்கடை பஜாரில் பழைய சாமான் விற்கிறவரிடம் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. கைக்குள் அடங்குகிற சின்ன டிஜிட்டல் காமிரா. நம்மிடம் வரும்போதே அதற்கு வயசாகிவிட்டது. வருஷத்துக்கு ஒரு சீக்கு வரும். எந்தச் சீக்கு வந்தாலும் மதினி நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். நான் பி.எஸ்சி. பிசிக்ஸ். எங்கள் வகையறாவில் டிகிரி வாங்கின முதல் ஆள். சுவரில் மாட்டின என் பட்டமளிப்பு போட்டோவைக் காட்டி, "நாலு வருசத்துக்கு முந்தி இவனுக்குக் குடுத்த சர்ட்டிபிகேட்டுக்கு இந்தக் காமிராவச் சரிபண்ணத் தெரியணும்லா" என்பாள்.

முதல் சீக்கு வெள்ளை வட்டங்கள். படத்தில் ஆட்களைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகக் காசு மிதப்பது போல வட்டம் வந்தது. அதற்கு முந்தின வாரம்தான் மேலே பாறையில் ஒருவர் வழுக்கி விழுந்து இறந்திருந்தார். படத்தைப் பார்த்த ஒரு அம்மாள் அங்கேயே அழுது, திருநீறு பூசிக்கொண்டு, குளிக்காமலே ஊருக்குக் கிளம்பிவிட்டார். மதினிக்கு அன்று இரவு காய்ச்சல். மறுநாள் நான் பார்த்தேன். ஆவியும் இல்லை, ஒன்றும் இல்லை. பிளாஷ் வெளிச்சம் காற்றில் பறக்கிற சாரல் துளியில் பட்டுத் திரும்புகிறது. "பிளாஷ அணைச்சிருங்க மதினி, பேய் ஓடிப்போவும்" என்றேன். ஓடிப்போனது.

அடுத்தது மூலையில் பனி மூட்டம். கண்ணாடிக்கு உள்ளே ஈரம் இறங்கியிருந்தது. அரிசி டப்பாவில் புதைத்துவைத்து எடுத்தோம். அப்புறம் குறுக்கே கோடு கோடாக வந்தது. கார்டை மாற்றியதும் நின்றது.

இந்த வருஷம் வந்ததுதான் மோசம். படம் ஊதாவாக வந்தது.

காலையில் எடுத்தால் நன்றாகத்தான் இருக்கும். வெயிலும் சாரலுமாக மாறி மாறி அடித்து, காமிரா ஓயாமல் வேலை செய்து சூடான பிறகு, படம் மெல்ல மெல்ல ஊதாவுக்குச் சாயும். நான் கார்டை மாற்றினேன், பேட்டரியை மாற்றினேன், லென்ஸைத் துடைத்தேன், வெயில் நிழல் என்று காமிராவில் இருக்கிற எல்லாச் செட்டிங்கையும் திருகினேன். போகவில்லை. கடைசியில் அடுப்பில் இட்லிச் சட்டி ஆவி விட்டுக்கொண்டிருந்த பக்கம் காமிராவைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மதினியின் மஞ்சள் சேலையை எடுத்தேன். சேலை ரோஸாக வந்தது. பேனுக்கு அடியில் ஆறவைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். மஞ்சள் மஞ்சளாகவே வந்தது.

"கொழுந்தனாரே, பிசிக்ஸ் என்ன சொல்லுது?"

"லென்ஸுல கோளாறு இல்ல மதினி. உள்ள சென்சாருன்னு ஒண்ணு இருக்கு, அதுதான் பாக்கது. அது தளந்துபோச்சு. சூடும் ஈரமும் சேந்தா அதுக்குக் கிறுக்குப் பிடிச்சிருது."

"எங்க மாமியாருக்கும் அப்பிடித்தான்."

"ஏ மதினி, அது எங்க பெரியம்மா!"

"உண்மையச் சொன்னேன். சரி, வைத்தியம்?"

"வைத்தியம் இல்ல. சூடாயிட்டா அணைச்சு வையிங்க. சூடா இருக்கும்போது எடுத்த படத்துல கலர நம்பாதிய. ஒண்ணு இன்னொண்ணாத் தெரியும்."

"நம்ம ஆளுகளுக்கு மூஞ்சி தெரிஞ்சாப் போதும்லே" என்று சொல்லிவிட்டுப் போனாள். போனில் ஒரு ஆப் வைத்திருந்தாள். படத்தை அனுப்புவதற்கு முன்னால் அதில் ஒரு கோட்டை இழுத்து ஊதாவைக் குறைத்துவிடுவாள். யாரும் ஒன்றும் கேட்டதில்லை. முகத்தைத்தானே பார்ப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மதினி எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். பாதி எனக்கே தெரியும். போனில் இருந்தேன்.

தண்ணீர் ஐந்து கிளையிலும் கொட்டிய நாள். பெண்கள் குளிக்கிற பக்கம் ஒரு வரிசை, ஆண்கள் பக்கம் ஒரு வரிசை, நடுவில் நிற்க இடமில்லை. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முந்தி ஒருவர் மதினியிடம் வந்தார். கடையநல்லூர்க்காரர், பெயர் முகம்மது யூசுப். சவூதியிலிருந்து லீவில் வந்திருக்கிறார். கூட நாலு வயசுப் பெண் பிள்ளை, சஃப்ரின். அவருடைய மனைவி மெஹர் பானு பிள்ளையைக் குளிப்பாட்டி, உலர்ந்த துணி மாற்றி, அவரிடம் கொடுத்துவிட்டுத் தன் தங்கையோடு மறுபடி குளிக்கப் போய்விட்டாள்.

மதினி எப்போதும் ஆட்களை ஒரே இடத்தில்தான் நிறுத்துவாள். கம்பி வேலி ஓரம், "ஆபத்து, தாண்டிச் செல்லாதீர்" என்று வெள்ளையில் எழுதின சிவப்புப் பலகைக்குப் பக்கம். அங்கே சாரல் குறைவு. யூசுப் பிள்ளையின் கையைப் பிடித்தார். அது உருவிக்கொண்டது. மறுபடி பிடித்தார். அது ஒரு எட்டு தள்ளி நின்றது.

"பாப்பா, வாப்பாகிட்ட ஒட்டி நில்லு."

பிள்ளை காமிராவையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை.

"வந்து கொஞ்ச நாள்தாம்மா ஆவுது. இன்னும் என்கிட்ட ஒட்டல" என்றார் யூசுப், ஏதோ மன்னிப்புக் கேட்பது போல.

மதினி அப்படியே எடுத்தாள். நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த குடும்பத்திடம் போனாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் ஓடி வந்தார். கையில் மிளகாய் பஜ்ஜிப் பொட்டலம். மூக்குக் கண்ணாடி முழுக்கத் தண்ணீர்.

"அம்மா, நீங்கதான எம் மவள போட்டோ எடுத்திய? இங்கன வந்தாளா? இங்கன வந்தாளாம்மா?"

கண்ணாடியைத் துடைக்கக் கையை விட்டிருக்கிறார். துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால் பக்கத்தில் பிள்ளை இல்லை.

மதினி அவரைக் காவல் உதவி மையத்துக்குக் கூட்டிக்கொண்டு ஓடினாள். அங்கே டியூட்டியில் இருந்தது உலகம்மை என்கிற போலீஸ்காரம்மா. மதினிக்குப் பழக்கம்தான். உலகம்மை மைக்கைக் கையில் எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"என்ன டிரஸ்?"

யூசுப் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார்.

"என்ன கலர் டிரஸ் போட்டிருந்துச்சு, சொல்லுங்க."

"கவுன்... கவுன்தாம்மா. அவ உம்மாதான் மாத்தி விட்டா. நான் பாக்கல."

"கூடத்தான நின்னிய?"

"நின்னேன்."

உலகம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அண்ணாச்சி, அது உங்க பிள்ளதான?"

அந்தக் கேள்வியில் அவர் முகம் செத்துப்போனது என்று மதினி சொல்லுவாள். "அல்லா சத்தியமா எம் பிள்ளம்மா" என்று சொன்னவர் அழ ஆரம்பித்துவிட்டார். பிறந்ததிலிருந்து போனிலேயே பார்த்த பிள்ளை. நேரில் வந்த இந்தக் கொஞ்ச நாளில் அவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாரா, கவுனைப் பார்த்தாரா?

"போட்டோ இருக்கு!" என்றாள் மதினி. கார்டைப் பிடுங்கி, போனில் போட்டு, படத்தைத் திறந்தாள். அன்று ஆப்பில் கோடு இழுக்க நேரமில்லை. அது நினைவிலும் இல்லை. சாரல் தெறித்த திரையில் பிள்ளை தலை குனிந்து நிற்கிறது. கவுன் ஊதா.

"ஊதா" என்றாள் உலகம்மை.

"ஆமா ஆமா, ஊதாதான். இப்ப ஞாபகம் வந்துட்டு" என்றார் யூசுப்.

மதினிக்கும் ஞாபகம் வந்துவிட்டது. ஊதாக் கவுன் போட்ட பிள்ளையைத்தான் எடுத்தோம் என்று அவள் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருப்பாள். பயத்தில் இருக்கிற மனசு கையில் கிடைத்த படத்தை ஞாபகம் என்று பிடித்துக்கொள்ளும் போலிருக்கிறது. இரண்டு பேரும் அப்படிப் பிடித்துக்கொண்டார்கள்.

மைக்கில் சொன்னார்கள். "ஊதா நிறக் கவுன் அணிந்த நான்கு வயதுப் பெண் குழந்தை, பெயர் சஃப்ரின். பார்த்தவர்கள் உடனே போலீஸ் உதவி மையத்துக்கு வரவும்." மெஹர் பானு பெயரையும் சேர்த்து அழைத்தார்கள். அருவிக்கு அடியில் நிற்கிறவர்களுக்கு மைக்காவது ஒன்றாவது, பக்கத்தில் நிற்கிறவள் கத்தினாலே கேட்காது. கூட்டிப் பெருக்குகிற அம்மாள் ஒருவரை உள்ளே அனுப்பினார்கள். படத்தைக் கீழே வண்டி நிறுத்துமிடத்துக் கேட்டில் நிற்கிற மாரிக்கு அனுப்பினார்கள். கடைக்காரர்கள் குரூப்பிலும் போட்டார்கள். பஜ்ஜிக் கடை, பழக் கடை, எண்ணெய் தேய்க்கிற ஆட்கள் எல்லாரும் ஊதாவைத் தேடினார்கள்.

யூசுப் தண்ணீர் போகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். குளித்த தண்ணீர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, பாலத்துக்கு அடியில் பாறை இடுக்கில் இறங்கிப் போகும். பெரியவர்கள் தவறினாலே எழுந்திருப்பது கஷ்டம். யாரோ ஒருவன் பாலத்திலிருந்து கத்தினான்.

"ஏலே, அங்கன பாரு! ஊதாவா என்னமோ கெடக்கு!"

கீழே பாறையில் சிக்கி, தண்ணீர் இழுக்க இழுக்க, ஊதா நிறத்தில் ஏதோ படபடத்தது. யூசுப் கம்பியில் ஏறிவிட்டார். அவரை இரண்டு பேர் இடுப்பில் கட்டிப்பிடித்து இழுத்தார்கள். ஒரு இளவட்டம் பாறை வழியாக இறங்கினான். அவன் இறங்குகிற நேரம் முழுக்க மதினி கண்ணை மூடிக்கொண்டு திருமலைக் குமாரன் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் எடுத்து உயர்த்திக் காட்டியது துணிக்கடைப் பை.

"பைதாம்வே! பைதான்!"

கூட்டம் மூச்சு விட்டது. யூசுப் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தது இன்னும் மோசம். ஆண்கள் வரிசைப் பக்கம் ஒரே கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால் பத்துப் பதினைந்து பேர் ஒருவரைச் சுற்றி நிற்கிறார்கள். தோளில் ஒரு பெண் பிள்ளை. கத்திரிப்பூ நிறத்தில் கவுன். அழுகிறது.

"யாரு பிள்ளடா இது?"

"எம் பிள்ளங்க! ராஜபாளையங்க நாங்க! ஏங்க, சட்டைய விடுங்க!"

"அப்ப ஏன் அழுவுது?"

"நீங்க எல்லாரும் கத்துறீங்க, அழாம என்னங்க பண்ணும்?"

ஒருவன் கையை ஓங்கிவிட்டான். உலகம்மை லத்தியோடு நடுவில் புகுந்து, "கைய வச்சே, கொண்டு உள்ள வச்சிருவேன்!" என்று போட்ட சத்தத்தில் கூட்டம் ஒரு சாண் பின்வாங்கியது. யூசுப் தள்ளாடிக்கொண்டு வந்து, பிள்ளையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இது இல்லை.

தான் அனுப்பின ஒரு படத்தால் இந்த மனுஷனை அடித்தே போட்டிருப்பார்களே என்று மதினி நினைத்தாள். அந்தப் பிள்ளையின் கவுனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அசல் ஊதா அது. கையில் இருந்த போனில் சஃப்ரின் கவுனைப் பார்த்தாள். அதுவும் ஊதாதான். இரண்டும் ஒரே நிறம். ஒரே நிறமாக இருப்பதுதான் அவளுக்கு இடித்தது. இந்தக் காமிரா எதையும் உள்ளபடி காட்டாதே. உள்ளபடி ஊதாவாக இருக்கிற ஒன்றை அது ஊதாவாகவா காட்டும்?

கார்டைத் திரும்பக் காமிராவில் செருகி, சூடாக இருந்த காமிராவைத் தூக்கி அந்தப் பிள்ளையை ஒரு படம் எடுத்தாள்.

"எம் பிள்ளய எதுக்கும்மா படம் எடுக்க? பட்டது போதாதா?" என்று ராஜபாளையத்துக்காரர் கத்தினார்.

மதினி திரையைப் பார்த்தாள். கத்திரிப்பூக் கவுன் கருநீலமாக வந்திருந்தது.

அப்போதுதான் எனக்குப் போன் வந்தது. நான் இலத்தூரில் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். அருவிச் சத்தத்துக்கு நடுவே மதினி கத்தினாள்.

"சங்கரு, லே சங்கரு! ஊதாவா வந்தா அது நெசத்துல என்ன கலருலே?"

"என்ன மதினி, என்ன ஆச்சு?"

"ஒரு பிள்ளயக் காணம்லே! நான் எடுத்த படத்த வச்சு ஊரே ஊதாவத் தேடுது. ஊதாவ எடுத்தா நீலமா வருது. அப்ப அந்தப் பிள்ள போட்டிருந்தது ஊதா இல்ல. என்ன கலருன்னு சொல்லு!"

சோற்றுக் கையை உதறிவிட்டு எழுந்தேன். சிவப்பாக இருக்கலாம், ரோஸாக இருக்கலாம், சூடு எவ்வளவு ஏறியிருந்தது என்பதைப் பொறுத்து ஆரஞ்சாகக்கூட இருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து ஒன்றைச் சொல்லி அது தப்பாகப் போனால் இரண்டாவது தடவையும் ஊரைத் தப்பாகத் தேட வைத்த பாவம் எனக்கு.

"மதினி, ஊகமாச் சொல்லக் கூடாது. அந்தப் பிள்ள நிக்கிற அதே படத்துல, உங்களுக்கு நல்லாக் கலர் தெரிஞ்ச சாமான் வேற எதாவது இருக்கா பாருங்க. அது படத்துல எப்பிடித் தெரியுதுன்னு பாருங்க."

மதினி பழைய படத்தைத் திறந்திருக்கிறாள். பிள்ளையின் தோளுக்குப் பின்னால் ஒரு பலகை. வெள்ளை எழுத்து. பலகை ஊதா. கவுனின் ஊதாவும் பலகையின் ஊதாவும் ஒரே துணியில் கிழித்தது போல இருந்தன. போனிலிருந்து கண்ணை எடுத்து நிமிர்ந்து, வேலி ஓரத்து ஆபத்துப் பலகையைப் பார்த்தாள்.

"சிவப்பு" என்றாள் என்னிடம். அப்புறம் அவள் போட்ட சத்தம் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தும் கேட்டது. "உலகம்மக்கா! சிவப்பு! அந்தப் பிள்ள போட்டிருந்தது சிவப்புக் கவுனு!"

"என்னட்டி சொல்லுத? படத்துல ஊதால்லா?"

"காமிரா பொய் சொல்லுதுக்கா! அந்தா போர்டப் பாருங்க, படத்துல அதும் ஊதா!"

உலகம்மை படத்தைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். மறுபேச்சு இல்லாமல் மைக்குக்கு ஓடினாள். மதினி என் லைனைத் துண்டிக்காமலே கேட்டில் நிற்கிற மாரியைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் ஒரே லைனில் விழுந்துவிட்டோம்.

"மாரியண்ணே, சிவப்புக் கவுனு போட்ட பிள்ள எதும் வெளிய போச்சா?"

"சிவப்பா? நீங்க ஊதான்னுல்ல சொன்னிய?"

"சிவப்புண்ணே! போச்சா?"

மாரி நெற்றியில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

"ஏ யோகம்... இப்பத்தான ஒரு வேன விட்டேன். மேலப்பாளையத்து ஆளுக. நாலஞ்சு குடும்பம், வேன் நெறைய பிள்ளைய. உள்ள எட்டிப் பாத்தேன். பின் சீட்டுல ஒரு சிவப்புக் கவுனு சுருண்டு தூங்குச்சு. நான் ஊதாவத் தேடிக்கிட்டு நின்னேனே! கண்ணு முன்னால கெடந்ததப் பாத்துட்டுப் போன்னு கைய காட்டுனேனே!"

"அண்ணே, ஓடுங்க!"

பைக் கிளம்புகிற சத்தம். லைன் கட்டாகிவிட்டது.

அது அந்தப் பிள்ளைதான் என்று யாருக்கும் தெரியாது. சிவப்புக் கவுன் ஊரில் எத்தனையோ இருக்கிறது. வேன் குற்றாலம் பக்கம் போனதா, செங்கோட்டை ரோட்டில் திரும்பியதா என்றும் தெரியாது. மதினி யூசுப்பிடம் போய்ச் சொன்னாள். அவர் சந்தோஷப்படவில்லை. "சிவப்பா?" என்று கேட்டுவிட்டு, "ஊதான்னு நான்தான சொன்னேன். ஞாபகம் வந்துட்டுன்னு சொன்னேனே" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். மதினி அவர் பக்கத்தில் நின்றாள். ஞாபகம் வந்துவிட்டது என்று அவளும்தானே நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அன்றைக்கு ஒரு நல்லது செய்தது. இறக்கத்து வளைவில் வண்டிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. மாரி ஒவ்வொரு வேனாகத் தட்டிக்கொண்டே போயிருக்கிறார். பிடித்துவிட்டார். அங்கிருந்து பேசினார்.

"பிள்ளய எழுப்பிட்டேன். பேரு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்குது. வேன்ல உள்ள பொம்பளையாளுக ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்காவ. ஒவ்வொருத்தரும் அடுத்த வீட்டுப் பிள்ளன்னு நெனச்சு ஏத்திக்கிட்டாவளாம். இதுவும் கருப்புப் பர்தாவப் பாத்து உம்மான்னு பின்னாலயே வந்திருக்கு போல. அழுது தூங்கிட்டு. இதுதானான்னு எப்பிடித் தெரியதுக்கு?"

"வீடியோ கால் போடுங்கண்ணே" என்றாள் மதினி.

ஐந்தருவியில் டவர் ஒழுங்காகக் கிடைக்காது. படம் வந்தது, கட்டம் கட்டமாகச் சிதறியது, நின்றது. சிவப்பாக ஒரு கட்டம், கறுப்பாக ஒரு கட்டம். யூசுப் போனை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு உயரத் தூக்கினார், தாழ்த்தினார், பலகைப் பக்கம் ஓடினார், திரும்பி வந்தார். "சஃப்ரின், சஃப்ரின்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சுற்றி நின்ற அத்தனை பேரும், ராஜபாளையத்துக்காரரும், கை ஓங்கினவனும், பஜ்ஜிக்காரரும், போனின் மேல் கவிழ்ந்துவிட்டார்கள்.

கட்டங்கள் ஒன்று சேர்ந்தன. தூங்கி எழுந்த ஒரு முகம். கன்னத்தில் சீட்டின் தையல் பதிந்திருந்தது. அது திரையை உற்றுப் பார்த்தது. காலையிலிருந்து பக்கத்தில் நின்ற மனிதரின் கையை உருவிக்கொண்டே இருந்த பிள்ளை, போனுக்குள் அவர் முகம் வந்ததும் சிரித்தது.

"வாப்பா" என்றது. அப்புறம் எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டது. "வாப்பா, எப்ப ஊருக்கு வருவிய?"

"இந்தா வாரேம்மா. இந்தா, இப்ப வாரேன். போன வைக்காத, என்னயவே பாத்துக்கிட்டு இரு" என்று சொல்லிக்கொண்டே யூசுப் மதினியின் போனோடு இறக்கத்தில் ஓடினார். செருப்பு ஒன்று வழியிலேயே கிடந்தது. போனைக் கேட்டு யாரும் பின்னால் போகவில்லை.

அவர் போன கொஞ்ச நேரத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து மெஹர் பானு வந்தாள். பெருக்குகிற அம்மாள் ஒருவழியாகக் கண்டுபிடித்துக் கூட்டி வந்திருக்கிறாள். என்ன விஷயம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, "இவுகள எங்க? பிள்ள எங்க? என்ன, எல்லாரும் இப்பிடிப் பாக்கிய?" என்று கேட்டாள்.

பிள்ளை கிடைத்துவிட்டது என்றுதான் மதினி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாயில் வேறு வந்தது.

"பிள்ளைக்கு என்ன கலர் கவுனு போட்டு விட்டிய?"

"சிவப்பு. பெருநாளைக்கு எடுத்தது. ஏன் கேக்கிய?"

அந்தப் பதிலைக் கேட்டதும் மதினி ஈரத் தரையில் உட்கார்ந்து, மெஹர் பானுவின் கையைப் பிடித்துக்கொண்டு, அழுதாள். என்னவென்றே தெரியாமல் மெஹர் பானுவும் பயந்து அழ ஆரம்பித்துவிட்டாள். உலகம்மைதான் வந்து இரண்டு பேருக்கும் விவரம் சொன்னாள்.

காமிரா இன்னும் மதினியிடம்தான் இருக்கிறது. வேறு வாங்கும் வரை காலையில் மட்டும் எடுக்கிறாள். சூடானால் அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். ஆனால் பிள்ளைகளோடு வருகிற தகப்பன்மாரை அவள் இப்போது சும்மா விடுவதில்லை. காமிராவைத் தூக்குவதற்கு முன், "அண்ணாச்சி, பிள்ளயப் பாக்காமச் சொல்லுங்க. என்ன கலர் சட்ட?" என்று கேட்கிறாள். விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். பல பேர் குனிந்து பார்க்கிறார்கள்.

"குனியாதிய" என்கிறாள் மதினி. அப்போது அவள் முகத்தில் சிரிப்பு இருக்காது.